கட்டையை விட்டுவிட்டுக் காளானை மட்டும் எடுக்காதீர்கள்

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்த மழை ஓய்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் வெயில் ஏறுவதற்கு முன்னால், தெருமுனையில் கிடக்கும் பழைய கட்டையைப் போய்ப் பாருங்கள். போன வாரம் சாம்பல் பூசினாற்போல வறண்டு கிடந்த பட்டையில் வெள்ளை விசிறிகள் விரிந்திருக்கும். வெடிப்பில் மஞ்சள் ஜெல்லி பிதுங்கி நிற்கும். மண்ணைத் தொடும் அடிப்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக் குடைகள் நூற்றுக்கணக்கில் முளைத்திருக்கும். காளான் படம் எடுக்க மலையேறத் தேவையில்லை. ஏரிக்கரை, தென்னந்தோப்பு, கோயில் நந்தவனம், மரவாடி, விறகுக்கடை, புயலில் சாய்ந்து யாரும் அள்ளாமல் விட்ட தெருவோர மரம், இவை போதும்.

இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் காளான் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன: நடுவில் ஒரு வெள்ளைக் குடை, பின்னால் கலங்கிய பச்சை. அது மாங்கட்டையில் முளைத்ததா, வேப்பங்கட்டையிலா, பட்டை இருக்கும் இடத்திலா, பட்டை உரிந்த இடத்திலா என்று எதுவும் தெரியாது. நாம் காளான் என்று சொல்வது கட்டைக்குள் ஓடிக் கிடக்கும் நூலிழைகள் வெளியே நீட்டிய காய் மாதிரியான ஒன்று. செடியைக் காட்டாமல் காயை மட்டும் காட்டினால் பாதிப் படம்தான். அதனால் இந்தப் பதிவு முழுக்கக் கட்டையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எந்தக் கட்டையில் என்ன

மாங்கட்டையிலிருந்து தொடங்கலாம். விழுந்து ஒரு வருடம் ஆன மாங்கிளையில் கிட்டத்தட்ட தவறாமல் கிடைப்பது ஸ்கைசோஃபில்லம் கம்யூன். ஒன்றிலிருந்து நான்கு செ.மீ. அகலம், மேலே சாம்பல் வெள்ளை ரோமம், காம்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதைக் கீழிருந்து பார்க்க வேண்டும். மீன் செவுள் போல வரிசையாக நிற்கும் ஒவ்வொரு தட்டும் விளிம்பில் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் அந்த இரண்டு பாதிகளும் எதிரெதிராகச் சுருண்டு, வித்து உண்டாகும் பரப்பை உள்ளே மூடிக்கொள்ளும். மழை பட்டுச் சில மணி நேரத்தில் திரும்ப விரியும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் இது நடக்கும். ஒரே கோணத்தில் மழைக்கு முந்தைய நாள் ஒரு படமும் மழைக்கு மறுநாள் ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விளக்கமே தேவைப்படாது.

அதே மாங்கட்டையில் கரி உருண்டை மாதிரி கறுத்து, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பது டால்டினியா. குறுக்கே உடைந்த ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே வெளிர் சாம்பலும் கறுப்புமாக வட்டம் வட்டமாக அடுக்கு தெரியும். உடைந்து கிடப்பதைத் தேடுங்கள், படத்துக்காக உடைக்க வேண்டாம்.

வெயில் நன்றாகப் படும் கட்டையில் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சளில் மெல்லிய தட்டாக நிற்பது பிக்னோபோரஸ். கேமராவுக்கு இது பெரிய சோதனை. பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருப்பதாகக் காட்டும், ஆனால் சிவப்புக்குரிய வரைகோடு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் தட்டின் மேற்பரப்பில் இருந்த நுணுக்கமெல்லாம் போய், பெயின்ட் அடித்தாற்போல ஒரே நிறமாக இருக்கும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு, எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் வரை இறக்கி எடுங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்).

மரச்சட்டம், வேலிக்கால், பழைய கதவுநிலை மாதிரி காய்ந்த மரத்தின் விரிசலில் சிறு கரண்டி வடிவில் மஞ்சளாக வரிசை கட்டுவது டாக்ரியோபினாக்ஸ். மெத்தென்ற கட்டைகளில் காதுமடல் மாதிரி பழுப்பாகத் தொங்குவது ஆரிகுலேரியா. இரண்டுமே ஈரத்தில்தான் அழகு. காய்ந்தால் தோல் சுருங்கிய மாதிரி ஆகிவிடும். மழை விட்ட மறுநாளே போக வேண்டும்.

தென்னையும் பனையும் தனி உலகம். மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். இவற்றில் கெட்டியான நார் வெளிவட்டத்தில், நடுப்பகுதி சோறு மாதிரி. அதனால் வெட்டிய தூர் நடுவிலிருந்து இற்றுப்போய், ஓரம் மட்டும் சுவராக நின்று, தொட்டி மாதிரி ஆகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் சாய்ந்த தென்னைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சாய்ந்த மரத்தின் தூர் தோப்பில் விட்டுவைக்கப்பட்டிருந்தால், அதன் உள்சுவர் காளானுக்கு ஏற்ற இடம். ஈரம் தங்கும், காற்று புகாது, வெயில் உச்சியில்தான் எட்டும். ஆனால் வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழுவதால் குடையின் மேல்பக்கம் வெளுத்து, அடிப்பக்கம் இருட்டாகிவிடும். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி மறுபடி விரித்து, எதிர்ச் சுவரில் உள்ளங்கை அளவு சாய்த்து வையுங்கள். அடிப்பக்கத் தட்டுகளில் மென்மையான வெளிச்சம் ஏறிவிடும். கசக்காத தாள் கண்ணாடி போலப் பளிச்சென்று ஒரு பட்டையை அடிக்கும், அது வேண்டாம்.

உயிரோடு நிற்கும் தென்னையின் அடியில் செம்பழுப்பாக வார்னிஷ் அடித்த மாதிரி தட்டுக்காளான் கண்டால் அது பெரும்பாலும் கானோடெர்மா. அதற்கு முன்பே அடிமரத்தில் செம்பழுப்பு நீர் கசிந்திருக்கும். இதுதான் தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கடுமையாகப் பரவியதால் அந்தப் பெயர். படம் எடுத்துவிட்டு தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேர் வழியாகப் பக்கத்து மரங்களுக்கும் போகும் நோய் அது. படமெடுப்பவர்கள் இதில் செய்யும் தவறு ஒன்று உண்டு. தட்டின் மேலும் சுற்றியுள்ள புல்லிலும் கோக்கோப் பொடி தூவின மாதிரி பழுப்புத்தூள் படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். அது தூசியில்லை, அந்தக் காளானே உதிர்த்த வித்துத்தூள். அந்தப் படிவுதான் படத்தின் சாரம். அடிப்பக்கத்து வெண்மையையும் விரலால் தொடாதீர்கள். இந்த வகைகள் சிலவற்றில் அழுத்திய இடம் உடனே பழுப்பாகித் தடம் அப்படியே நின்றுவிடும்.

சவுக்கு விறகுக்கடையில் வேறொன்று பார்க்கலாம். பட்டை கொப்புளம் கொப்புளமாக உப்பி வெடித்து, உள்ளே கரித்தூள் மாதிரி இருக்கும் கட்டைகள் கிடைக்கும். பட்டைக் கொப்புள நோய் அது. அதை உண்டாக்கும் பூஞ்சையின் பேரினத்துக்குச் சுப்ரமணியனோஸ்போரா என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூஞ்சை ஆய்வை வளர்த்த சி. வி. சுப்பிரமணியன் பெயரால் வைத்தது. குடையும் இல்லை, நிறமும் இல்லை என்பதால் யாரும் இதைப் படமெடுப்பதில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில், வெடித்த பட்டையின் விளிம்பும் கறுந்தூளும் தெரிய எடுத்துப் பாருங்கள், விறகுக்கடையிலேயே எடுத்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

புற்றுக்காளான் மண்ணிலிருந்து வருவதுபோலத் தெரிந்தாலும் அதுவும் கட்டையின் கதைதான். கரையான் மென்று கொண்டுபோன மரத்தூளிலும் சருகிலும் புற்றுக்குள் கட்டிய கூட்டில் வளர்வது. அங்கிருந்து நீண்ட வேர் மாதிரித் தண்டை மேலே அனுப்பும். பிடுங்கினால் அந்தத் தண்டு பாதியில் அறுந்துவிடும். சமையலுக்குப் பறிப்பவர்கள் வருவதற்குள் விடியற்காலையில் போய்விட வேண்டும்.

வெளிச்சம்

மேகமூட்டமான காலை, ஆறரையிலிருந்து எட்டரை வரை. இதைவிட நல்ல விளக்கு கிடையாது. வெயில் வந்துவிட்டால் மரத்தடியில் புள்ளி புள்ளியாக வெயிலும் நிழலும் விழுந்து எந்தப் படமும் தேறாது. அப்போது ஒரு குடையைப் பிடித்து முழுவதையும் நிழலாக்குங்கள். கறுப்புக் குடை நல்லது. வண்ணக் குடை என்றால் அந்த வண்ணம் காளான் மேல் ஏறிவிடும். நிழல் அதிகம் தட்டையாகத் தெரிந்தால் குடைக்குப் பதில் பழைய வெள்ளை வேட்டித் துணியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெயிலை வடிகட்டுங்கள்.

அடர்ந்த மரத்தடியில் வெள்ளைக் காளான் பச்சையாகத்தான் பதிவாகும். இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சம் அப்படி. கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இதைச் சரியாகத் திருத்தாது. காளான் இருக்கும் இடத்திலேயே ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) அதை வைத்துத் திருத்துங்கள். அட்டை இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் உதவும், ஆனால் அது வெளுத்துப் போகாதபடி எக்ஸ்போஷர் குறைவாக இருக்க வேண்டும்.

கறுத்த ஈரக்கட்டையில் வெள்ளைக் குடை. நம் ஊரில் அதிகம் கிடைக்கும் காட்சி இதுதான், அதிகம் கெடுவதும் இதுதான். ஃபிரேமில் முக்கால்வாசி கறுப்பாக இருப்பதால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். குடை சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை இறக்கி எடுத்து, கட்டையின் இருண்ட பகுதிகளைப் பிறகு கொஞ்சம் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். போன வெண்மையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மெல்லிய குடைகளுக்குப் பின்வெளிச்சம் போல வேறில்லை. சிறிய எல்இடி டார்ச்சின் வாயில் இரண்டு மடிப்பு டிஷ்யூ தாளைக் கட்டி, குடைக்குப் பின்னால் கொஞ்சம் மேலே, படத்தில் விழாமல் பிடியுங்கள். அடித்தட்டுகள் ஒவ்வொன்றும் விளக்குத்திரி போல ஒளிரும். கெட்டியான தட்டுக்காளானுக்கு இது பயன்படாது, வெறும் கறுத்த உருவம்தான் வரும்.

ஈரமான கானோடெர்மாவும் ஈர இலையும் வானத்தைப் பிரதிபலித்து வெளிறும். போலரைசர் ஃபில்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பளபளப்பு முழுவதும் போவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். முழுவதும் போனால் ஈரம் என்ற உணர்வே போய்விடும். ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும்.

கேமராவை எங்கே வைப்பது

லென்ஸின் நடு, குடையின் விளிம்பைவிட ஒரு விரல் அளவு தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் மேல்பரப்பின் வளைவும் அடித்தட்டுகளின் வரிசையும் ஒன்றாகத் தெரியும். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் வெறும் வட்டம்தான் கிடைக்கும். இதற்குப் படுத்தாக வேண்டும். தையல் பிரித்த உரச்சாக்கு ஒன்று பையில் இருக்கட்டும். ஈரம் ஏறாது, கழுவிக் காயப்போட்டால் போதும்.

சாதாரண ட்ரைபாட் தரையோடு இறங்காது. நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகப் பொருத்தும் வகை உதவும். அதுவும் இல்லாவிட்டால் அரை கிலோ கேழ்வரகைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, அதைத் துணிப்பையில் போட்டுத் தைத்த தலையணை ஒன்று போதும். உறையில்லாமல் தானியத்தை வைத்தால் மழைக்கு ஊறிப் புளித்துவிடும். ட்ரைபாட் காலை உளுத்த கட்டையின் மேல் ஊன்றாதீர்கள். கட்டை மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும், நீண்ட ஷட்டரில் படம் கலங்கும், கட்டையும் உடையும். சேற்றில் என்றால் ஒவ்வொரு காலுக்கடியிலும் ஓட்டுச்சில்லு ஒன்று வையுங்கள்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200, எஃப்/11 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), மேகமூட்டத்தில் மரத்தடியில் ஷட்டர் அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரை வரும். இரண்டு விநாடி டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள். காற்று அடித்தால் காத்திருக்கத்தான் வேண்டும். தண்டுள்ள காளானை விடத் தட்டுக்காளான் அசையாது, காற்று நாளில் அவற்றை எடுக்கலாம்.

மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கலாம். கணக்கு எளிது: ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதல் பெருக்கம் வரும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. ட்யூப் என்றால் பாதி அளவுப் பெருக்கம், அதாவது ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36 மி.மீ. அகலச் சென்சார்) 72 மி.மீ. அகலக் காட்சி. பெரும்பாலான குடைகளுக்கு இதுவே தாராளம்.

ஃபோகஸ் ஆழம்தான் எல்லோரையும் ஏமாற்றும். ஃபுல் ஃபிரேமில் முழு மேக்ரோ அளவில் (பொருள் தன் அளவிலேயே சென்சாரில் விழுவது) எஃப்/8 வைத்தால் கூர்மையாக வருவது சுமார் 1 மி.மீ. மட்டுமே. பாதி அளவில் எஃப்/11 என்றால் சுமார் 4 மி.மீ. இரண்டு செ.மீ. அகலக் குடையை முன்னிருந்து பின்வரை ஒரே படத்தில் கூர்மையாக்க முடியாது என்பது இதிலேயே தெரிகிறது. எஃப்/22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி வளைவால் படம் முழுவதுமே மங்கும். அதற்குப் பதில் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யுங்கள், அதாவது வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் வைத்த பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது.

கேமராவை அசைக்காமல், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை இரண்டு மி.மீ. இடைவெளியில் ஃபோகஸை நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டால் விளிம்பில் குறை வராது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ எல்லாம் மேனுவலில் பூட்டியிருக்க வேண்டும். பல கேமராக்களில் ஃபோகஸ் பிராக்கெட்டிங் என்ற வசதி தானே இதைச் செய்யும். படங்களைச் சேர்க்கும் மென்பொருள்களில் ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் ஆகியவை காசுக்குக் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பிலும் செய்யலாம். காசில்லாமல் என்றால் ஹுகினோடு வரும் கருவிகளும் என்ஃப்யூஸும் உண்டு.

இதில் கெடுவது மூன்று இடத்தில். நடுவில் ஒரு படம் விட்டுப்போனால் குடையின் குறுக்கே கலங்கிய பட்டை ஒன்று தெரியும், அதைச் சரிசெய்ய வழியில்லை. குடை விளிம்பும் வெகுதூரப் பின்னணியும் சந்திக்கும் இடத்தில் ஒளிவட்டம் மாதிரி ஒரு மங்கல் வரும். பின்னணியைத் தனிப்படத்திலிருந்து எடுத்து விளிம்பைக் கையால் திருத்த வேண்டும். மூன்றாவது பூச்சி. காளானில் எப்போதும் பொடி ஈக்களும் துள்ளும் சிறு பூச்சிகளும் இருக்கும். பன்னிரண்டு படத்திலும் ஓர் ஈ நடந்திருந்தால் பன்னிரண்டு பாதி ஈக்கள் வந்து சேரும். எடுக்குமுன் அரை நிமிடம் சும்மா பாருங்கள்.

செல்போன்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சென்சார் சிறியதாக இருப்பதால் ஆழம் அதிகம், ஸ்டாக்கிங் பெரும்பாலும் தேவைப்படாது. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். லென்ஸ் தரையோடு வந்துவிடும், குடையைக் கீழிருந்து அண்ணாந்து எடுக்கலாம், பின்னால் கட்டையும் மரமும் வானமும் தெரியும். பெரிய கேமராவால் சுலபமாகச் செய்ய முடியாத படம் அது. மேக்ரோ மோடில் பல போன்கள் சத்தமில்லாமல் அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். அது மூன்று நான்கு செ.மீ. நெருங்கச் சொல்லும், போனின் நிழலே காளான் மேல் விழும். அந்த மோடை அணைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் வெளிச்சமும் வடிவமும் நன்றாக இருக்கும். திரையில் குடை விளிம்பை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

கட்டையையே எடுப்பது

காளான் எதுவும் இல்லாத நாளிலும் கட்டையில் எடுக்க நிறைய இருக்கிறது. மரம் இரண்டு விதமாகக் கெட்டித்தன்மையை இழக்கிறது. வெண்மையாகி, நார் நாராகப் பிரிந்து, பஞ்சு மாதிரி ஆனால் அந்தப் பூஞ்சை மரநாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினையும் தின்றிருக்கிறது. பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலில் பொடியானால் நாரின் மூலப்பொருளான செல்லுலோஸ் போய் லிக்னின் பெரும்பாலும் மிச்சம். சதுர வெடிப்புக்குத் தாழ்ந்த பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் விழுந்தால்தான் ஆழம் தெரியும். வெண்ணாருக்கு அந்த வெளிச்சம் கடுமை. மேகவெளிச்சமே போதும்.

ரம்பம் போட்ட முகப்பில் வரைபடத்து எல்லைக்கோடு மாதிரி மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். ஒரே கட்டைக்குள் வாழும் பூஞ்சைகள் ஒன்றுக்கொன்று எல்லை கட்டிக்கொண்ட இடம் அது. சைலேரியா என்ற பூஞ்சை இருக்கும் கட்டையில் அதிகம் பார்க்கலாம். அதை எடுக்கும்போது சென்சாரை அந்த முகப்புக்குச் சரியாக இணையாக வைத்தால் எஃப்/8லேயே ஓரம் முதல் ஓரம் வரை கூர்மை கிடைக்கும். ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றினால் கோடுகள் எடுப்பாகும். வெட்டுமுகத்தில் அது ஒரு குற்றமில்லை. ஆனால் காளான் மேல் ஸ்பிரே அடித்து முத்து முத்தாகப் பனித்துளி உண்டாக்குவதை நான் ஏற்பதில்லை. உண்மையான பனியும் மழைத்துளியும் விழும் விதம் வேறு, கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கார்த்திகை முடிய மூன்று நாளுக்கு ஒருமுறை போவதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. கேமரா நிற்கும் இடத்தில் ஒரு செங்கல்லைப் பதித்து, அதே உயரம், அதே லென்ஸ். முழுக்கட்டை ஒன்று, ஒரு முழ நீளப் பகுதி ஒன்று, அருகில் ஒன்று. முதல் மழையில் விசிறிகள், பிறகு மெத்தென்ற சிறுகுடைகள் வந்து ஓரிரு நாளில் கரைந்துபோவது, ஒரே இரவில் வெள்ளைச் சளியாகக் கிளம்பி மறுநாள் பழுப்பு மயிர்க்கற்றை மாதிரி நிற்கும் ஸ்டெமோனைட்டிஸ். கடைசியாகச் சொன்னது காளானே அல்ல, சளிப்பூஞ்சை என்ற தனிக்கூட்டம். இந்த மாற்றமெல்லாம் தினம் புதிய இடம் தேடி அலைபவருக்குக் கிடைக்காது.

கை வைக்குமுன்

சுற்றியுள்ள புல்லையும் பாசியையும் பிய்த்து மேடை போடாதீர்கள். குறுக்கே நீட்டும் ஒரு காய்ந்த துரும்பைக் கிடுக்கியால் எடுத்து ஓரம் வைக்கலாம், அவ்வளவுதான். அடிப்பக்கம் பார்க்கக் காளானைப் பிடுங்க வேண்டியதில்லை. பல் மருத்துவர் பயன்படுத்தும் கைக்கண்ணாடி மருத்துவப் பொருள் கடையில் கிடைக்கும். அதைக் குடைக்கடியில் நுழைத்துக் கண்ணாடியில் தெரிவதையே படம் எடுக்கலாம். தட்டா, துளையா, வெறும் வழவழப்பா என்பது பெயர் கண்டுபிடிக்க முதல் தேவை. அத்துடன் மேல்பக்கம், காம்பின் அடி, கட்டை முழுவது, என்ன மரம் என்ற குறிப்பு, ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை ஓரத்தில் வைத்து ஒன்று. இவை இருந்தால் உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது அறிந்தவர்கள் ஏதாவது சொல்ல முடியும். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்துக்கு யாராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. அந்தப் பெயரை நம்பிச் சமைக்கவும் கூடாது. மழைக்குப் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், பார்க்க நல்ல காளான் மாதிரியே இருக்கும், கடும் வாந்தி பேதி உண்டாக்கும். அதன் இளம் தட்டுகள் வெள்ளைதான், முற்றிய பிறகே பச்சை ஏறும். தானாக விழுந்து கிடக்கும் குடையைப் பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து டம்ளரால் மூடி இரவு முழுக்க வைத்தால், வித்துத்தூளின் நிறம் தாளில் பதிந்துவிடும். பச்சை என்றால் அதுதான். அந்தத் தூள் அச்சும் நல்ல படம்.

கட்டையைப் புரட்ட வேண்டியிருந்தால் எதிர்விளிம்பைக் கம்பால் நெம்பி, உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். திறப்பு மறுபக்கம் இருக்கும், உள்ளிருக்கும் தேளோ பூரானோ விரியனோ அந்தப் பக்கமாக ஓடும். விரல் விட்டுத் தூக்கவே கூடாது. பார்த்த பிறகு இருந்தபடியே திரும்ப வையுங்கள், அடி ஈரத்தில் வாழ்வதெல்லாம் வெயில் பட்டால் செத்துவிடும். மூடிய ஷூ, கையில் கம்பு, இருட்டு விலகாத நேரத்தில் டார்ச். புயலில் புதிதாகச் சாய்ந்த மரம் என்றால் மின்கம்பி அகற்றியாகிவிட்டதா என்று தெரிந்த பிறகே கிட்டே போங்கள். வீசிங் உள்ளவர்கள் தூள் கக்கும் காளான்களுக்கு அருகில் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, அங்கிருந்து ஒரு சுள்ளியும் எடுக்கக் கூடாது.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே மழைக்காற்றுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் பனித்துவிடும். பைக்குள்ளேயே இருபது நிமிடம் வைத்துப் பிறகு திறங்கள். திரும்பி வந்ததும் ஈரப்பையை அப்படியே மூடி வைத்தால் அதே பூஞ்சை லென்ஸுக்குள் வலை பின்ன ஆரம்பிக்கும், கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். பையை விரியத் திறந்து மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரம் போடுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதமானி 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையே காட்டும்படி வையுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் சேர்மம் இருக்கும், சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் மாறியதும் பழைய தட்டு ஒன்றில் பரப்பிச் சூடேற்றி, ஆறியதும் டப்பாவுக்குள் திரும்பப் போட்டுவிடலாம்.